மூன்றாம் திட்டு எந்தப் பக்கம்

பெப்ரவரி 9, திங்கள்

கருவாடு காயப்போடப் புதுப் பாய் வாங்க இறங்குதுறைப் பக்கம் போனேன். அந்த இடத்தில் கால் வைத்தவுடன் என் கைபேசி ஒரு தடவை சிணுங்கி, ‘இந்தியா உங்களை வரவேற்கிறது’ என்று செய்தி காட்டும். தலைமன்னாரில் பாய் வாங்க வந்தவளை இந்தியா எதற்கு வரவேற்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அவர்களுடைய டவருக்கு எங்கள் கடல் ஒரு வாய்க்கால் மாதிரி, அவ்வளவுதான். இன்றைக்கு அந்தச் செய்தி வரவில்லை. துறையின் நுனிவரை நடந்துபோய்ப் பார்த்தேன். அங்கேயும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து மடுத்தீனிடம் சொன்னேன். என் மனுசனிடம் எதைச் சொன்னாலும் முதலில் வெற்றிலையை மடிப்பார், பிறகுதான் “ஓம்” என்பார். இன்றைக்கும் அப்படித்தான். மத்தியானச் செய்தியில்தான் விளங்கியது. அக்கரையில் தலைநகரத்தில் இரண்டு பேர் ‘நான்தான் பிரதமர்’ என்று நிற்கிறார்களாம். பட்டாளத்திலும் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கமாம். கொழும்புக்குத் தெரியுமுன் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன். பாய் வாங்க மறந்துபோனேன்.

பெப்ரவரி 10, செவ்வாய்

பயப்பட வேண்டாம் என்று அரசாங்கம் அறிவித்தது. அதற்குப் பிறகுதான் சனம் பயந்தது. மண்ணெண்ணெய்க்கு வரிசை, மாவுக்கு வரிசை. பம்பாய் வெங்காயம் கடையில் இல்லை. பம்பாயே எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை, வெங்காயம் எப்படி வரும் என்றான் கடைக்காரன். எங்கள் ஊரில் எல்லாருக்கும் பெரிய கவலை அக்கரைத் தொலைக்காட்சி நாடகம் நின்றுபோனதுதான். மருமகள் நஞ்சு கலந்த பாலைக் கையில் எடுத்த இடத்தில் நிற்கிறது. குடித்தாளா இல்லையா என்று பக்கத்து வீட்டு மச்சாள் மூன்று தடவை என்னிடம் வந்து கேட்டுவிட்டாள், நான் என்னவோ எழுதினவள் மாதிரி.

பெப்ரவரி 12, வியாழன்

நேற்றுப் புதன். திங்கள், புதன், சனி, இந்த மூன்று இரவும் எங்கள் ஆட்கள் கடலில் வலை விடுவதில்லை. அக்கரை றோலர்கள், அதாவது இழுவைப் படகுகள், அந்த இரவுகளில்தான் வரும். வந்தால் மீனும் போகும், எங்கள் வலையும் போகும். நேற்று ஒரு றோலர் வெளிச்சமும் இல்லை. துணிந்து விட்டவர்களின் வலையெல்லாம் முழுசாக வந்தது. மடுத்தீனின் படகு தாழ்ந்துபோய்க் கரைக்கு வந்தது. இப்படி ஒரு மீன்பாடு நான் கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து பார்க்கவில்லை.

பெப்ரவரி 14, சனி

மீன், மீன், மீன். ஐஸ் தொழிற்சாலைக்கு மின்சாரம் பாதி நாள்தான். அதனால் எல்லா மீனும் எங்கள் பெண்கள் சங்கத்தின் தலையில்தான் விழுகிறது. வெட்டு, கழுவு, உப்புப் போடு, காயவை. கை முழுக்க உப்பு எரிகிறது, ஆனாலும் சிரித்துக்கொண்டுதான் வெட்டுகிறோம். மீனவர் சங்கத் தலைவர் சந்தியோகு அண்ணை கடற்கரையில் நின்று, அக்கரையில் இரண்டு பிரதமர் போதாது, இன்னும் இரண்டு பேர் கிளம்பினால் நல்லது என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வெயில்தான் காரணமாக இருக்கும்.

நம்புசெல்வியை நான் நினைக்கவில்லை. நினைக்க என்ன இருக்கிறது? தொண்ணூறாம் ஆண்டு நாங்கள் சண்டைக்குப் பயந்து படகேறிப் போய் மண்டபம் முகாமில் கிடந்தபோது, பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். இராமேஸ்வரத்துக்காரி. முகாம் பிள்ளைகளின் பக்கத்தில் உட்காராதே என்று அவளுடைய ஆட்கள் சொல்ல, வேண்டுமென்றே வந்து உட்கார்ந்தவள். பிறகு அவள் ஒரு றோலர்காரனைக் கட்டினாள், நான் திரும்பி வந்து மடுத்தீனைக் கட்டினேன். வருசா வருசம் கச்சதீவு அந்தோனியார் திருவிழாவில் சந்திப்போம். மலிவாகக் கதைக்கலாமென்று எங்கள் நாட்டு சிம் ஒன்றைக்கூட நான் அவளுக்குக் கொடுத்திருந்தேன்.

போன வருசத்துக்கு முந்தைய வருசம் எங்கள் வலை எல்லாவற்றையும் றோலர் அறுத்துக்கொண்டு போனது. உன் மனுசன்தான் என்று திருவிழாவில் வைத்துக் கேட்டேன். இல்லையென்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். “கடல்ல என்ன கோடா போட்டு வச்சிருக்கு?” என்றாள். அன்றோடு கதையில்லை, அவளுடைய இலக்கத்தையும் அழித்துவிட்டேன்.

இந்த வருசத் திருவிழாவும் நிறுத்தம் என்று பங்குச் சுவாமி சொன்னார்.

பெப்ரவரி 15, ஞாயிறு

பூசை முடிந்து இறங்குதுறைக்குப் போனேன். பாய் வாங்கத்தான். செய்தி வரவில்லை.

பெப்ரவரி 17, செவ்வாய்

பாம்பன் பாலத்தை மூடிவிட்டார்களாம். இராமேஸ்வரத்தில் கடைகளை உடைத்துவிட்டார்கள், அரிசி இல்லை, சனம் படகேறுகிறது என்று வானொலி சொன்னது. கொழும்பில் ஒரு கட்சி அவர்களை விடு என்கிறது, இன்னொரு கட்சி விட்டால் நாடு தாங்காது என்கிறது. மூன்றாவது கட்சி இரண்டு பக்கமும் தலையாட்டுகிறது.

இன்று கடற்படை வந்து, யாரும் அக்கரை ஆட்களை ஏற்றிவரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனது. சந்தியோகு அண்ணை உடனே மீனவர் சங்கத்தைக் கூட்டி அதையே தீர்மானமாக்கினார். எங்கள் கடலை வழித்துத் துடைத்தவர்களுக்கு எங்கள் கரையா என்று கேட்டார். எல்லாரும் சரி என்றார்கள். நானும்தான்.

பெப்ரவரி 18, புதன்

விபூதிப் புதன். நெற்றியில் சாம்பலோடு கோயிலை விட்டு இறங்கும்போது கைபேசி அடித்தது. தெரியாத இலக்கம் என்று எடுத்தேன். தெரிந்த குரல்.

“எமில்டா, நான்தான்டி. மூணாந் திட்டுல கிடக்கோம். படகுக்காரன் இறக்கிவிட்டுட்டுப் போயிட்டான். பர்வதாவும் கூட இருக்கா, மாசமா இருக்காடி. தண்ணி இன்னைக்கோட சரி.”

“வாறம்” என்றேன். அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. மடுத்தீனையும் கேட்கவில்லை, கடற்படையையும் கேட்கவில்லை, வாய் சொல்லிவிட்டது. பர்வதா அவளுடைய ஒரே மகள். பெயர் வைத்த நாளில் எனக்குத்தான் முதலில் படம் அனுப்பினாள்.

நேரே சந்தியோகு அண்ணையிடம் போனேன். எங்கள் இரண்டு நாட்டுக்கும் நடுவில் கடலுக்குள் மணல் மேடுகள் வரிசையாகக் கிடக்கின்றன. தீடை என்போம். மூன்றாம் தீடை எங்கள் கரையிலிருந்து கிட்டத்தான். போய் ஏற்றிவரச் சொன்னேன். யார் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் கருவாடு மாதிரி ஆகிவிட்டது. அந்த மனுசன் அறுத்த வலையில் என்னுடையதும் இருந்தது, தெரியுமா என்றார்.

“அண்ணை, வலைக்கு வழக்கு வையுங்கோ. தண்ணிக்கு வழக்கு வைக்காதேங்கோ” என்றேன்.

தீர்மானம் தீர்மானம்தான் என்று சொல்லித் திரும்பிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் நெற்றியில் இருந்த சாம்பலே பற்றி எரிந்திருக்கும். நேரே எங்கள் பெண்களிடம் வந்தேன். கரை முழுக்க மீன் குவிந்து கிடக்கிறது, கத்தியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். கத்தியைக் கீழே வையுங்கோ என்றேன். என்ன ஏது என்று கேட்டார்கள். இவர்களில் பாதிப்பேர் மண்டபத்துக் கஞ்சி குடித்தவர்கள். சொன்னதும் ஒருத்தி பின் ஒருத்தியாகக் கத்தியை மணலில் குத்திவிட்டு எழும்பினார்கள். நாடகத்து மருமகளை நினைத்து அழுத மச்சாள்தான் முதல் ஆள்.

ஐஸ் இல்லை, வெயில் ஏறுகிறது, மீனை வெட்ட ஆளில்லை. ஆண்கள் மீனைப் பார்த்தார்கள், எங்களைப் பார்த்தார்கள், தலைவரைப் பார்த்தார்கள். ஈ மொய்க்கத் தொடங்கியதும் தலைவர் படகைத் தள்ளச் சொன்னார். பெண்பிள்ளைகளோடு சண்டை பிடிக்கிறதிலும் பார்க்க றோலரோடு பிடிக்கலாம் என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. வெற்றி வந்த நேரத்தில் வாயை மூடுவதுதான் புத்தி.

சந்தியோகு அண்ணையும் மடுத்தீனும் இரண்டு படகில் போனார்கள். நாங்கள் மீனை வெட்டிக்கொண்டு காத்திருந்தோம். பொழுது சாய்ந்து வந்தார்கள். மூன்றாம் தீடையில் ஒரு காகம்கூட இல்லையாம். இரண்டாவதையும் நாலாவதையும் சுற்றிப் பார்த்தார்களாம். அங்கேயும் இல்லை.

கடல் கொண்டுபோயிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். சொன்னவளை நான் பார்த்த பார்வையில் அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். என்னால் சாப்பிட முடியவில்லை. அழுதேன், மறைப்பானேன்.

பெப்ரவரி 19, வியாழன்

இன்று நடந்ததை ஒன்றும் விடாமல் எழுத வேண்டும்.

விடிந்ததும் குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்று மடுத்தீனிடம் கத்திக்கொண்டிருந்தேன். அவர் என்ன பிழை செய்தார்? ஒன்றுமில்லை, பக்கத்தில் இருந்தார், அதுதான் பிழை. அவள் என்ன சொன்னாள் என்பதை அவளுடைய குரலிலேயே சொல்லிக்காட்டினேன். ‘மூணாந் திட்டுல கிடக்கோம்.’ எத்தனை தரம் சொல்வது, மூன்றாவது, மூன்றாவது என்று. மடுத்தீன் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

“திட்டு எண்டோ சொன்னவ? தீடை எண்டு சொல்லேல்லையோ?”

தீடை என்பது எங்கள் சொல். அவர்கள் திட்டு என்பார்கள். சொல்லே வேறு என்றால் எண்ணிக்கையும் வேறு. நாங்கள் தலைமன்னாரிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவோம். அவர்கள் தனுஷ்கோடியிலிருந்து எண்ணுவார்கள். அவரவர் காலடியில்தான் அவரவருக்கு ஒன்று. அவள் திட்டு என்றதை என் வாய் தீடை என்று மாற்றிச் சொல்லி, இரண்டு படகை வெறும் மணலுக்கு அனுப்பியிருக்கிறது. ஒரு இரவு முழுக்கத் தண்ணீர் இல்லாமல் அவள் அங்கே கிடக்கிறாள், என் வாயால்.

அவர்களுடைய மூன்றாம் திட்டு எல்லைக்கு அந்தப் பக்கம். அது இந்தியா.

கடற்கரைக்கு ஓடினேன். சந்தியோகு அண்ணையிடம் பிழை என்னுடையது என்று சொன்னேன். இனி என்ன சொல்வாரோ, எல்லை தாண்ட மாட்டேன் என்பாரோ என்று நின்றேன். எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. கடலில் ஆளைத் தேடப் போனவன் ஆளோடோ சேதியோடோதான் கரை ஏற வேண்டும். நேற்று அவர் இரண்டும் இல்லாமல் கரை ஏறியிருந்தார். அது அவரைக் குடைந்துகொண்டிருந்தது போல. கண்ணைப் பார்த்தால் அவரும் தூங்கியிருக்கவில்லை.

“அவங்கள் கிழமைக்கு மூண்டு தரம் எல்லை தாண்டி வந்தவங்கள்” என்றார். “நாங்கள் ஒருக்காத் தாண்டினா என்ன குறைஞ்சு போகுது? தள்ளுங்கோடா படகை.”

அந்த ஒரு சொல்லுக்கு அவருடைய பழைய பேச்சையெல்லாம் மன்னித்துவிட்டேன். தள்ளத் தொடங்கினது ஒரு படகு. திரும்பிப் பார்த்தால் கரையில் கிடந்த படகெல்லாம் தண்ணீரில் நிற்கிறது. வீட்டுக்கு வீடு வரிசையில் நின்று வாங்கிய மண்ணெண்ணெயைப் பெண்கள் கேட்காமலேயே கொண்டுவந்து ஊற்றினார்கள். விளக்குக்கு என்ன செய்வாய் என்று மச்சாளைக் கேட்டேன். நாடகமே இல்லை, விளக்கு எதற்கு என்றாள்.

அப்போது கடற்படை லெப்டினன்ட் வந்தார். குருநாகல் பக்கத்துச் சிங்களப் பெடியன். தமிழ் பாதி பேசுவார், மீதியைக் கையால் பேசுவார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். பொய் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை. மாசமான பிள்ளை, தண்ணீர் இல்லை, மூன்றாம் திட்டு, அவர்களுடைய மூன்று என்று உள்ளதைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். எல்லைக்கு அப்பால் தான் வர முடியாது, போகச் சொல்லவும் முடியாது என்றார். பிறகு என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

“நான் இப்ப சாப்பிட போறது. நான் ரொம்ப ஆறுதலா, மெதுவா சாப்பிடுற ஆள்.”

காலைச் சாப்பாடா மத்தியானச் சாப்பாடா என்று தெரியாத நேரம் அது. கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன்.

பெண்கள் மீன்பிடிப் படகில் ஏறுவது இங்கே வழக்கமில்லை. மடுத்தீன் என்னை வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். அவர் தண்ணீர்க் கலனைத் தள்ளிவைத்து நான் உட்கார இடம் விட்டார். கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில் அந்த மனுசன் எனக்குச் சொன்ன பெரிய சொல் அதுதான்.

எல்லை எது என்று தண்ணீரில் தெரியவில்லை. எஞ்சின் பக்கம் இருந்தவர்கள் இடம் காட்டும் கைக்கருவியைப் பார்த்துச் சொன்னார்கள், தாண்டியாயிற்று என்று. மண்ணெண்ணெய்ப் புகையில் கண் எரிந்தது, அவ்வளவுதான்.

திட்டில் முதலில் ஒரு சேலை தெரிந்தது. துடுப்பில் கட்டி நிறுத்தியிருந்தார்கள். அதன் நிழலில் சனம், நாலைந்து குடும்பம். எழும்ப முடிந்தவர்கள் எழும்பினார்கள். பர்வதா மணலில் சாய்ந்து கிடந்தாள், உதடு வெடித்து, வயிற்றைக் கையால் பிடித்தபடி. முதலில் அவளுடைய வாயில்தான் தண்ணீர் வைத்தேன். மெல்லக் குடி, மெல்ல, என்றேன். குடித்தாள். கண்ணைத் திறந்து “எமில்டா சித்தியா?” என்றாள். உயிர் இருந்தது. இரண்டு உயிரும் இருந்தது. வயிற்றுக்குள் ஒன்று என் கையை உதைத்தது.

நம்புசெல்வி என் முன்னால் வந்து நின்றாள். முகம் கருகி, தலை விரிந்து, காளி மாதிரி நின்றாள்.

“மூணாந் திட்டுன்னு தெளிவாத்தானடி சொன்னேன்” என்றாள். தொண்டையில் குரல் இல்லை, காற்றுத்தான் வந்தது. அந்தக் காற்றிலும் சண்டை.

“எங்கட மூண்டோ உங்கட மூண்டோ எண்டு சொல்லியிருக்கோணும்” என்றேன் நான்.

“மூணுன்னா மூணுதானடி.”

“நீ எண்ணுறது பிழை.”

பிறகு இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். சந்தியோகு அண்ணை, எண்ணிக்கையைக் கரையில் போய்த் தீர்க்கலாம், ஏறுங்கோ என்று சத்தம் போட்டார்.

அவளுடைய மனுசன் சேதுராசு கடைசியாக நின்றான். எங்கள் படகுகளையும், படகில் இருந்தவர்களின் முகங்களையும் பார்த்துவிட்டுத் தண்ணீரில் இறங்க மாட்டாமல் நின்றான். இவன்தான் அவன் என்று எல்லாருக்கும் தெரியும். சந்தியோகு அண்ணை கையை நீட்டினார். அவன் பிடிக்காமல் நின்றான். இவர் நீட்டிய கையை மடக்கவில்லை. அலை இரண்டு தரம் வந்து போனது. பிறகு பிடித்தான்.

கரையில் மொத்த ஊரும் நின்றது. லெப்டினன்டும் நின்றார், வாயைத் துடைத்துக்கொண்டு.

பெப்ரவரி 20, வெள்ளி

பர்வதாவை மன்னார் ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். தாயும் பிள்ளையும் சுகம். திங்கட்கிழமை வீட்டுக்கு விடுவார்களாம்.

பெப்ரவரி 21, சனி

எங்கள் படகுகள் போன செய்தி எப்படியோ பரவிவிட்டது. பேசாலை ஆட்கள் போய் இரண்டு திட்டுகளில் இருந்தவர்களை ஏற்றி வந்தார்கள். நெடுந்தீவுக்காரர்களும் போனார்களாம். இப்போது தொலைபேசியில் யாராவது திட்டு என்றால், எந்தப் பக்கத்து மூன்று என்றுதான் முதல் கேள்வி. கடற்படைக்காரர்களே அப்படிக் கேட்கிறார்கள்.

இரவுச் செய்தியில் கொழும்பு அறிவித்தது: வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதில்லை. இது நெடுநாளைய மனிதாபிமான மரபு என்றார் அமைச்சர். மண்ணெண்ணெய் ஊற்றிய பெண்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தோம்.

நம்புசெல்வி என் குசினியில் நிற்கிறாள். சொதி என்றால் என்னவென்று இன்னும் அவளுக்கு விளங்கவில்லை. குழம்பில் தேங்காய்ப் பாலை ஊற்றிக் கெடுக்கிறாளே என்று என் முன்னாலேயே தன் மனுசனிடம் சொன்னாள்.

பெப்ரவரி 23, திங்கள்

இன்று ஒரு பெரிய லொறி வந்தது. கூடவே கச்சேரியிலிருந்து, அதாவது மாவட்டச் செயலகத்திலிருந்து, ஒரு அதிகாரி. திட்டுகளிலிருந்து வந்தவர்களையெல்லாம் உள்நாட்டில் ஒரு முகாமுக்குக் கொண்டுபோகப் போகிறார்களாம். நல்ல முகாம், வேலி போட்ட பாதுகாப்பான முகாம் என்றார். நல்ல மனுசன்தான். வேலி என்ற சொல்லை நல்ல சொல் என்று நினைத்துச் சொன்னார்.

அந்தச் சொல் கேட்டதும் எங்கள் பெண்களுக்கு மண்டபம் முகாம்தான் ஞாபகம் வந்தது. நான் சண்டைக்குப் பேச்சுத் தேடிக்கொண்டு நின்றேன். தேட வேண்டியிருக்கவில்லை. மச்சாள் நடந்துபோய் ஒரு கிழவியின் பையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, இவ எங்கட வீட்டுக்கு என்றாள். அடுத்தவள் இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்தாள். அப்படியே ஒவ்வொரு குடும்பமாகப் பிரிந்து போனது. பர்வதாவை என்னிடம் தா என்று இரண்டு பேர் சண்டை பிடித்தார்கள். அவள் என் வீட்டுக்கு, அதில் பேச்சில்லை என்றேன்.

கடைசியில் சேதுராசு மட்டும் லொறிக்குப் பக்கத்தில் நின்றான். என் வீட்டில்தான் இருக்கிறான், அவனையும் கூப்பிடத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவனே லொறியில் ஏறக் காலை வைத்துவிட்டான். இந்த ஊரில் எந்த முகத்தோடு இருப்பேன், பொம்பளைகள் இருக்கட்டும், நான் மட்டும் முகாமுக்குப் போகிறேன் என்றான். அதிகாரி தலையாட்டினார்.

சந்தியோகு அண்ணை வந்து அவனுடைய சட்டைக் காலரைப் பிடித்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

“இவன் என்ர வீட்டை வாறான்” என்றார் அதிகாரியிடம். “ஊரில கிழிஞ்ச வலை கனக்கக் கிடக்குது. கிழிச்சவனே இருந்து பொத்தட்டும். பொத்தி முடியுமட்டும் இவனை ஒருத்தருக்கும் தரமாட்டன்.”

சேதுராசு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அவர் காலரை விடவில்லை. அப்படியே வீட்டுவரை இழுத்துக்கொண்டு போனார்.

அவ்வளவு பெரிய லொறி வெறும் லொறியாகத் திரும்பிப் போனது. ஊரே வீதியில் நின்று கை தட்டியது. நானும் தட்டினேன், நம்புசெல்வி தட்டினாள், மடுத்தீன்கூட வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார். உள்ளங்கை சிவந்து வீங்கிவிட்டது. இதற்கு மேல் பேனா பிடிக்க முடியாது.